நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

குதிரைச் சவாரி கற்றுத்தர ஒருவரைத் தேடும் பெற்றோர் செய்கிற முதல் தவறு, குதிரையைப் பார்ப்பதுதான். குதிரை எல்லாருக்கும் பிடித்துவிடும். அதன் கழுத்தைத் தடவிய கையோடு, பக்கத்தில் நிற்பவரையும் பிடித்துப்போய்விடுகிறது. அவருக்கு மீசை இருந்தால் வீரர் என்கிறார்கள்; சுவரில் பதக்கம் தொங்கினால் மேதை என்கிறார்கள். பிள்ளையின் முதுகெலும்பை ஒப்படைக்கப்போகிற ஆளை, தக்காளி பொறுக்குகிற அக்கறைகூட இல்லாமல் பொறுக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. நான் எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

காவல் ஆய்வாளர் நல்ல மனிதர். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஓர் எழுத்தரை அமர்த்தினார். முதல் பக்கத்திலேயே பதினொரு பிழைகள். "மேற்படி நபர் வேண்டுமென்றே" என்று தொடங்கிய வாக்கியம் நான்கு வரி ஓடிக் களைத்து, பயனிலையைச் சந்திக்காமலேயே படுத்துவிட்டது. கையொப்பமிட மறுத்துவிட்டேன்.

"குத்தத்தையே ஒத்துக்கிட்டீங்க. கமாவுக்குப் போய்ச் சண்டை போடுறீங்களே சார்," என்றார் ஆய்வாளர்.

என் செயலுக்கு நான் கையொப்பமிடுவேன். பிறர் பிழைக்கு இட மாட்டேன். ஆகவே இது முழுக்க முழுக்க என் கையெழுத்து. அடித்தல் திருத்தல் எதுவும் இருக்காது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருந்த பெயர் 'தொண்ணூற்றெட்டு'. நான் போட்ட மிக உயர்ந்த மதிப்பெண் அதுதான். நூறு என்று எவருக்கும் நான் போட்டதில்லை. அது கடுமை அன்று. மனிதக் கை செய்த எதிலும் இரண்டு மதிப்பெண்ணுக்குரிய குறை எங்கேனும் ஒளிந்திருக்கும். அதைத் தேடாமல் விடுகிற ஆசிரியர் சோம்பேறி. என் சொந்த மகளே என் வகுப்பில் படித்தாள். இறுதித் தேர்வில் அவள் எழுதிய விடைத்தாளை மூன்று நாள் புரட்டினேன். குறை அகப்படவில்லை. என் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று முடிவு செய்து, தொண்ணூற்றெட்டுப் போட்டேன். அவள் கேட்டிருந்த கல்லூரியில் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்ததால் இடம் கிடைக்கவில்லை. புதிய மருந்துகளைக் கண்டுபிடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது மருந்துக்கடை நடத்துகிறாள். நன்றாகவே நடத்துகிறாள். அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை வந்ததில்லை.

அவளுடைய மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் 'வாலு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவளைக் குதிரை பிடித்துக்கொண்டது. பேய் பிடித்தாலாவது விரட்டுவதற்கு ஆள் தேடலாம். இவள் சாப்பாட்டு மேசைக்குக் கனைத்துக்கொண்டு வந்தாள். துடைப்பத்துக்குக் கடிவாளம் கட்டினாள். மாடிப்படியில் நாலுகால் பாய்ச்சலில் இறங்கியதற்குக் கீழ்வீட்டுக்காரர் நேரில் வந்து முறையிட்டார். பள்ளியில் கணக்கு ஆசிரியை விடை கேட்டபோது, எழுந்து நின்று தரையைக் காலால் ஐந்து தரம் தட்டினாளாம். விடை ஐந்துதான் என்பதால் அந்த அம்மையாரால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

மகள் என்னிடம் வந்தாள். "அப்பா, என்னால கடையை விட்டு நகர முடியாது. ஆளை எடை போடுறது உங்களுக்குக் கை வந்த கலை. சவாரிப் பள்ளியில மூணு பேர் இருக்காங்களாம். யாருகிட்ட இவளை விடலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்."

ஓய்வு பெற்ற நான்கு ஆண்டுகளாகச் செய்தித்தாளில் பிழை பார்த்துப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்டது. உடனே போய் ஒரு புட்டி சிவப்பு மை வாங்கினேன். கடையிலிருந்து வீடுவரை நடந்து வந்தேனா மிதந்து வந்தேனா என்பதை இப்போதும் உறுதியாகச் சொல்ல இயலாது.

சவாரிப் பள்ளி ஊர் முடிகிற இடத்தில், மரக்கிடங்குக்குப் பின்னால் இருந்தது. எட்டுக் குதிரைகள், மரத்தூள் பரப்பிய நீள்வட்டத் திடல், அதைச் சுற்றி மரவேலி, வேலியோரம் ஒரு நீளப் பலகை. அந்தப் பலகையில் ஒரு வாரம் அமர்ந்து பாடம் கற்றேன். லாயக்காரருக்கு முதுகுவலி, குனிய முடியாது. நான் ஒரு டப்பா தோல் எண்ணெயும் பழைய துணியும் கொண்டுபோய்ச் சேணங்களைத் துடைத்துக் கொடுத்ததும், எனக்கு அங்கே எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டன.

"சும்மா உக்காந்தா துருப்பிடிச்சிடும்னு வர்றீங்களா சார்?" என்றார்.

"பிடித்திருந்தது. இப்போது உதிர்கிறது," என்றேன்.

பெற்றோர் அனைவருக்கும் பயன்படக்கூடிய ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். சேணம் குதிரையின் முதுகில் நிற்பது ஒரே ஒரு வாரினால்தான். அது வயிற்றைச் சுற்றி வந்து, சேணத்துக்கு அடியில் தைத்திருக்கும் தோல்பட்டைகளில் மாட்டிக்கொள்கிறது. பட்டையில் வரிசையாகத் துளைகள் உண்டு. வாரை இறுக்கும்போது கெட்டிக்காரக் குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். இறுக்கிவிட்டோம் என்று நீங்கள் திரும்பியதும், மெல்ல மூச்சை விடும், வார் தொளதொளத்துப்போகும். ஆகவே நல்ல பயிற்சியாளர், மாணவர் ஏறுமுன் ஒரு முறையும், ஏறிப் பத்தடி போனபின் ஒரு முறையும் வாருக்கடியில் விரலை விட்டுப் பார்ப்பார். இதைச் செய்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். மீசையும் பதக்கமும் வேண்டியதில்லை.

அங்கே பஞ்சு என்ற சாம்பல் நிறக் குதிரை இருந்தது. வயது பதினாறு. வயிறு உப்புவதில் பட்டம் பெற்றது. ஓடச் சொன்னால் யோசிக்கும். நடக்கச் சொன்னால் கொட்டாவி விடும். புதிதாய்க் கற்பவர்களுக்கு அதைத்தான் தருவார்கள். என் தேர்வுக்கூடமாகப் பஞ்சையே வைத்துக்கொண்டேன்.

முதலாமவர் 'கர்னல்'. படையில் இருந்ததில்லை, மீசை மட்டும் இருந்தது. அவரிடம் வங்கி அதிகாரியான ஓர் அம்மையார் கற்றுக்கொண்டிருந்தார். கர்னல் வாரைப் பார்க்கவில்லை. அம்மையாரை ஏற்றிவிட்டு, தாம் கண்ட குதிரைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பஞ்சு பத்தடி நடந்து மூச்சை விட்டது. சுவர்க்கடிகாரத்தின் முள் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கு வருவதைப்போல், சேணமும் அம்மையாரும் நிதானமாகச் சாய்ந்து மரத்தூளில் வந்து அமர்ந்தார்கள். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அம்மையாரும் சிரித்துவிட்டார்.

"விழுந்தாத்தான் மேடம் வீராங்கனை," என்றார் கர்னல்.

"அப்ப நீங்க எத்தனை தடவை விழுந்திருக்கீங்க?"

"நானா? ஒரு தடவைகூட இல்ல மேடம்."

"அதான் கேட்டேன்."

கர்னலுக்கு முப்பத்தைந்து மதிப்பெண் போட்டேன். அதில் பத்து, மீசைக்கு எண்ணெய் இடுகிற ஒழுங்குக்காக.

இரண்டாமவர் 'சாம்பியன்'. சுவர் நிறையப் பதக்கங்கள்; கை நிறையச் செல்பேசி. அவரிடம் வந்தவர் ஒரு பல் மருத்துவர். சாம்பியனும் வாரைப் பார்க்கவில்லை. மருத்துவர் விழுந்த பக்கத்தில் மரத்தூள் சற்றுக் குறைவு. தோள்பட்டை எலும்பு முறிந்தது. பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். "நல்ல வேளை சார், இடது தோள். வலதுன்னா பாதி ஊருக்குப் பல்வலி நிக்காது," என்று அவரே எனக்குத் தைரியம் சொன்னார். உள்ளபடியே வருந்தினேன். ஆனால் அதற்காகச் சாம்பியனுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட முடியுமா? இருபத்திரண்டு.

"ரெண்டு தடவையும் வார் தானாத் தளர்ந்துச்சா சார்?" என்று இந்த இடத்தில் ஆய்வாளர் கேட்டார்.

பஞ்சின் வயிற்றை நம்பி மட்டும் ஒரு தேர்வை நடத்த முடியாது. தேர்வு வைப்பவர்தான் வினாவைத் தயாரிக்க வேண்டும். லாயக்காரர் சேணம் பூட்டிவிட்டு நகர்ந்ததும், எண்ணெய்த் துணியோடு போய் இரண்டு துளை தளர்த்தினேன். ஒரு துளை என்றால் வினா மிக எளிதாகிவிடும். மூன்று என்றால் குரூரம்.

மூன்றாமவர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடல், முழங்கை தேய்ந்த சட்டை. கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அதனால் லாயத்தில் அவருக்கு 'ரெண்டுதரம்' என்று பெயர். நேரில் அழைக்கும்போது 'ரெண்டுதரம் அக்கா'. அவரும் "என்ன?" என்றுதான் கேட்பார்.

"அக்காவுக்கு மூச்சுகூட ரெண்டாவது தரம் விட்டுப் பாத்தாத்தான் சார் நம்பிக்கை," என்றார் லாயக்காரர்.

ரெண்டுதரம் தலையைத் திருப்பாமலேயே, "தண்ணித் தொட்டியை மூடினியா?" என்றார்.

"மூடிட்டேன்க்கா."

"ரெண்டாவது தரம்?"

லாயக்காரர் முனகிக்கொண்டே போனார். தொட்டி மூடாமல்தான் இருந்தது.

அன்று அவரிடம் ஒரு கல்லூரி மாணவி கற்கவேண்டிய வேளை. இரண்டு துளை தளர்த்திவிட்டுப் பலகைக்கு வந்தேன். அவர் வாருக்கடியில் விரலை விட்டார். பஞ்சின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்டா, யாரை ஏமாத்தப் பாக்குற?" என்று சொல்லி, அது மூச்சு விடும்வரை பொறுமையாகக் காத்திருந்து, இரண்டு துளையை இறுக்கினார். மாணவி ஏறிப் பத்தடி போனபின் நிறுத்தி மறுபடியும் விரலை விட்டார். என் கைகள் தாமாகத் தட்டப்போயின. அவற்றை முழங்காலில் தட்டி அடக்கிக்கொண்டேன்.

அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் வாலு குதிரை, நான் வண்டி. இருவரும் நாற்காலிகளைச் சுற்றி ஏழு சுற்று ஓடினோம். கீழ்வீட்டுக்காரர் விட்டத்தைக் கம்பால் தட்டினார். நாங்கள் பதிலுக்குக் கனைத்தோம்.

"தாத்தா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று மூச்சு வாங்கியபடி கேட்டாள் வாலு.

"ஆள் கெடச்சாச்சுடி," என்றேன். முப்பது ஆண்டுகளில் நான் பேசிய முதல் கொச்சை அது. வருந்தவில்லை.

வாலு பஞ்சின்மீது ஏறினாள். ஆறு வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. முதல்முறை பஞ்சு துள்ளுநடை போட்டபோது, அவள் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பித் திடல் முழுக்கச் சிந்திக்கொண்டே போயிற்று. ஒரு நாள் மகள் கடையை மதியம் பூட்டிவிட்டு வந்து அதைப் பார்த்தாள். அவள் வாயெல்லாம் பல்லாக நின்றதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் கண்டேன்.

ரெண்டுதரத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. குழந்தைகள் ஏறவேண்டிய குதிரையில் முதலில் அவரே ஏறி இரண்டு சுற்றுப் போவார். "பிள்ளை ஏறுற குதிரைக்கு அன்னிக்கு என்ன நெனப்புன்னு எனக்கு மொதல்ல தெரியணும் சார்," என்றார். மழை தூறினாலும், தலைவலித்தாலும், நேரமாகிவிட்டாலும் அந்த இரண்டு சுற்று உண்டு.

தேர்வு நிற்கவில்லை. ஒரு குழந்தையை ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது பொறுப்பாகாது. ஒரு நாள் குளம்பின் இடுக்கில் சிறு கல்லை வைத்தேன்; குதிரையின் இரண்டாம் அடியிலேயே கண்டுபிடித்தார். ஒரு நாள், சவாரி செய்பவர் கால் நுழைக்கும் வளையமான அங்கவடியை இடப்பக்கம் மட்டும் ஒரு துளை உயர்த்தினேன். காலை வைக்குமுன் கண்டுபிடித்தார். திடலின் கதவுக் கொக்கி, கடிவாளத்தின் வளையம், வாலுவின் தலைக்கவசத்துப் பொத்தான். ஒவ்வொரு முறையும் சரிசெய்துவிட்டு, "யாரோ அவசரத்துல விட்டுட்டாங்க போல," என்பார். ஒரு நாளும் ஒருவரையும் குற்றம் சொன்னதில்லை. பத்தொன்பது வினாக்கள், பத்தொன்பதும் சரி. இப்படி ஒரு விடைத்தாள் கிடைக்காதா என்று வாழ்நாளெல்லாம் ஏங்கியவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிவப்பு மை காய்ந்துபோய்விடுமோ என்றுகூட எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆறாம் வாரம் கூட்டிப் பார்த்தேன். நூறு வந்தது. அவருடைய வழக்கம் எனக்கும் தொற்றியிருந்ததால் இரண்டாம் முறையும் கூட்டினேன். நூறு.

சாப்பாட்டு மேசையில் மதிப்பெண் குறிப்பேட்டைத் திறந்து வைத்தபடி அமர்ந்திருந்தேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, பேனா நகரல? ரெண்டுதரம் அக்காவுக்கு நூறா?"

"இன்னும் முடிவு செய்யவில்லை."

"போட்டுடுங்கப்பா. தங்கமான மனுஷி." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஆனா ஒண்ணு. அவங்களுக்கு நூறு போட்டீங்கன்னா, எனக்கும் ரெண்டு வரவேண்டியிருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அந்த ஒரே ஒரு தட்டைக் கழுவ வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

இதைப் பதற்றமில்லாமல் எண்ணிப் பாருங்கள். நூறு என்ற ஒன்று உண்டு என்று இப்போது நான் எழுதிவிட்டால், அது அன்றைக்கும் இருந்திருக்கும் அல்லவா? அப்படியானால் முப்பத்து நான்கு ஆண்டு விடைத்தாள்களையும் மறுபடி எடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று என் மகளுடையது. பிழை என் பக்கம் இருக்க வேண்டும். இல்லையேல் அந்தப் பெண்மணியின் பக்கம் இருக்க வேண்டும். என் பக்கம் நேர்மையாகத் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

மறுநாள் அவரிடமே பேச்சுக் கொடுத்தேன். "உங்களுக்குத் தவறே வராதா?"

"வராம இருக்குமா சார்? வரும்னு தெரிஞ்சுதானே ரெண்டு தரம் பாக்குறேன்." சற்றுத் தயங்கி, கூச்சத்தோடு சொன்னார்: "நீங்க தினமும் உக்காந்து பாக்குறீங்க. பெரியவங்க. எங்கிட்ட ஏதாவது குறை தெரிஞ்சா மறைக்காம சொல்லுங்க சார். திருத்திக்கிறேன்."

மாணவர் தாமே வாய்விட்டுக் கேட்கிறார். வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இருபதாம் வினாவை அமைக்க இரண்டு நாள் ஆயிற்று. விடைத்தாள் கட்டுகளை முப்பத்து நான்கு ஆண்டுகள் நூலால் தைத்தும் பிரித்தும் பழகிய கை இது. வாரை மாட்டும் தோல்பட்டைகள் சேணத்துக்கு அடியில் தைக்கப்பட்டிருக்கும் இடம், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தத் தையலைப் பிரித்து, பிரித்ததே தெரியாதபடி என் நூலால் மூடினேன். கையால் இழுத்தால் தாங்க வேண்டும். பாய்ச்சலில் தாங்கக் கூடாது. எத்தனை தையல், என்ன நூல் என்பதை எழுத வேண்டாமென்று ஆய்வாளர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். சேண அறையில், பட்டப்பகலில், எண்ணெய் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். வாலிபத்தில்கூட அவ்வளவு உல்லாசமாக ஒரு வேலையைச் செய்ததில்லை.

"என்ன சார், பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்று வாசலிலிருந்து கேட்டார் லாயக்காரர். நான் பாடிக்கொண்டிருக்கிறேன் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை. வாலு யாரும் பிடிக்காமல் தனியே பாய்ச்சலில் போகப்போகிற முதல் நாள். மகள் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு வந்திருந்தாள். வங்கி அம்மையாரும் வந்திருந்தார். தோளில் கட்டோடு பல் மருத்துவரும் வந்திருந்தார். நல்ல வெயில். வாலு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தாள். நான் பலகையில் அமர்ந்திருந்தேன். உள்ளுக்குள் நானும் குதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ரெண்டுதரம் சேணத்தைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். தையலின்மேல் பெருவிரலை ஓட்டினார். பெருவிரல் ஓரிடத்தில் நின்றது. நான் பலகையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அப்போது அவர் முழங்கையில் வந்து உட்கார்ந்த ஈயைத் தட்டிவிட்டார். விரல் மேலே போயிற்று. பட்டைகளை இழுத்துப் பார்த்தார். தாங்கின. சேணத்தைப் பூட்டினார். பஞ்சு மூச்சை விடக் காத்திருந்து இறுக்கினார். மறுபடி முதலிலிருந்து பட்டைகளை இழுத்துப் பார்த்தார். தாங்கின. அவர் மட்டும் கண்டுபிடித்திருந்தால், நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அந்தக் கணமே நூறு போட்டிருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"ரெண்டு சுத்து நான். அப்புறம் நீ. சரியா குட்டிக் குதிரை?" என்றார்.

வாலு கனைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் சுற்றுத் துள்ளுநடை. இரண்டாம் சுற்றில், பிள்ளைக்குக் காட்டுவதற்காகப் பஞ்சைப் பாய்ச்சலுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கிழக் குதிரையிடமிருந்து அப்படி ஒரு பாய்ச்சலை எப்படித்தான் வரவழைத்தாரோ, பார்க்க அழகாக இருந்தது. கதவையொட்டிய திருப்பத்தில் சேணம் சாய்ந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கு வந்த முள் இந்த முறை அங்கே நிற்கவில்லை, ஆறுவரை போயிற்று. ஒரு கால் அங்கவடியில் சிக்கிக்கொண்டது. வயிற்றுக்கடியில் ஏதோ தொங்குவதைக் கண்டு பஞ்சு மிரண்டது. பதினாறு ஆண்டுகளில் ஓடாத ஓட்டம் ஓடிற்று. வேலிக் கம்பங்கள் எத்தனை என்று அதுவரை நான் எண்ணியதில்லை. முழுச் சுற்று முடிந்து, என் பலகைக்கு எதிரே வந்துதான் நின்றது.

நான்தான் முதலில் போனேன். அவர் கண்கள் திறந்திருந்தன. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ரெண்டு தரம் பாத்தேன் சார்," என்றார்.

"பார்த்தீர்கள். நான் கவனித்தேன்," என்றேன்.

அவர் முகம் சற்றுத் தெளிந்ததாகவே எனக்குப் பட்டது. தம் உழைப்பை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது எந்த மாணவருக்கும் ஆறுதல்தான். மருத்துவமனையில் நண்பகல் வரை உயிர் இருந்தது.

அன்று மாலையே அறிக்கையை முடித்து, கையொப்பமிட்டு, குறிப்பேட்டோடு மகளிடம் கொடுத்தேன். தேர்ந்தெடுத்துச் சொல்லும்படி கேட்டவள் அவள்தான். இருபது வினாக்களும், அவற்றை நான் அமைத்த முறையும், தேதியும் வரிசையாக எழுதியிருந்தன. என் எழுத்து தெளிவானது. படிப்பதற்கு அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. நின்றுகொண்டே படித்தாள். கடைசிப் பக்கத்தை இரண்டாம் முறை படித்தாள்.

"அப்பா, அது வாலு ஏறவேண்டிய குதிரைப்பா," என்றாள்.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் நேரே காவல் நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

ஆய்வாளரும் அதைத்தான் கேட்டார். "அன்னிக்கு உங்க பேத்தி மொதல்ல ஏறியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"ஏறியிருக்க மாட்டாள். முதல் இரண்டு சுற்றும் அவர்தான் போவார். ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட அவர் அதில் தவறியதில்லை. அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை."

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "முழு நம்பிக்கைன்னா, நூத்துக்கு எவ்வளவு சார்?" என்றார்.

பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து கேட்கப்பட்ட வினா அது. அடுத்த வினாவைக் கேட்கச் சொன்னேன்.

வாலு இப்போது மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்குகிறாளாம். கீழ்வீட்டுக்காரர் ஏதும் உடம்புக்கு முடியவில்லையா என்று மேலே வந்து விசாரித்தாராம். குழந்தைகள் மறந்துவிடுவார்கள்.

மற்றபடி பட்டியல் ஒழுங்காக இருக்கிறது. கர்னல் முப்பத்தைந்து. சாம்பியன் இருபத்திரண்டு. ரெண்டுதரம் தொண்ணூற்றெட்டு. அவரையே நான் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அவரைத்தான் சொல்வேன். நான் அவரைக் கொன்றுவிட்டதாக எழுத்தரின் பிரதி சொல்கிறது. சேணத்தின் தையலைப் பிரித்தவன் நான்தான். அதை எங்கும் மறைக்கவில்லை. ஆனால் அளவோடு எழுதப் பழக வேண்டும். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இரண்டே இரண்டு மதிப்பெண்கள்.